வருவதுரைத்தல்

வருங்காலத்தை முன்னறிந்துரைத்தல் நன்றோ தீதோ என்னும் வினா பழையதேயாயினும், யந்திரங்கள் அத்தொழிலை ஏற்றுக்கொண்ட இக்காலத்திலே அது மீளவும் ஆராயற்பாலதாயிற்று. கிரகணம் இன்ன நாளில் நிகழுமென்று கணித்தலாற் சந்திரனுக்கு யாதொரு கேடுமில்லை; சந்திரன் அதனைக் கேளாது. மனிதனோ கேட்பான், கேட்டு மாறுவான். இவ்வேறுபாட்டையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

இதனை விளக்குதற்கு ஒரு கலைப்படைப்பு நமக்குத் துணையாகின்றது. 2019ஆம் ஆண்டிலே இத்தாலி தேசத்து வெனிஸ் நகரில் நடைபெற்ற 58ஆவது சர்வதேசக் கலைக்கண்காட்சியிலே, ஜேர்மனி தேசத்துக் கலைஞராகிய ஹீட்டோ ஸ்டயர்ல் என்னும் பெண்மணியார் “இதுவே வருங்காலம்” என்னும் பொருள்படும் பெயரால் ஓர் அசையும் படத்தை அமைத்தார். சிறையிலிருந்த ஒரு பெண், தன் தோட்டத்தைக் காவலர் அழித்துவிடாதபடி அதனை வருங்காலத்திலே ஒளித்துவைத்தாள் என்பது அதன் கதை. திரைகளிலே தோன்றும் பூக்கள் நிலத்திற் பூத்தனவல்ல. செயற்கை நரம்புவலை எனப்படும் கணினி முறை, முன்னே கண்ட படங்களைக்கொண்டு, அடுத்த படம் இத்தகையதாகும் என்று ஊகித்து வரைந்தனவாம். விநாடிக்கு 25 படங்கள் ஓடுங் காட்சியிலே அவ்வூகஞ் செல்லுந் தூரம் ஒரு படத்தினளவே, அஃதாவது 0.04 விநாடி.

அப்பூக்கள் ஓருருவில் நில்லாது விரிந்துங் கரைந்தும் மயங்குவன. அம்மயக்கம் யந்திரத்தின் இயல்பை உள்ளபடி காட்டுகின்றது. அது வருவதைக் காண்பதன்று. சென்றதைத் தொகுத்து, அதனையே வருவதென்று நீட்டுவது.

பூக்களிடத்து இது வியப்பு, பிள்ளைகளிடத்து அநீதி. 2020ஆம் ஆண்டிலே கொரோனாத் தொற்றினால் இங்கிலாந்தில் உயர்தரப் பரீட்சை நடைபெறவில்லை. உபாத்தியாயர் மாணாக்கரை வரிசைப்படுத்திய முறையும், அவ்வப் பாடசாலை முன்னாண்டுகளிற் பெற்ற பேறுகளுஞ் சேர்ந்த ஒரு கணக்குவிதியினாற் பெறுபேறுகள் வகுக்கப்பட்டன. உபாத்தியாயர் மதிப்பிட்டவற்றுள் நூற்றுக்கு ஏறக்குறைய 40 தாழ்த்தப்பட்டன. மாணாக்கர் வீதியிலே திரண்டு முறையிட்டனர். ஆகஸ்டு 13ஆந் திகதி வெளிவந்த அம்முடிபு 17ஆந் திகதியே கைவிடப்பட்டு, தாழ்த்தப்பட்டோர்க்கு உபாத்தியாயர் மதிப்பீடே வழங்கப்பட்டது. முன்னே படித்தோரின் குறைவை, அவர்களைக் கண்டுமறியாத பிள்ளையின் தலையிற் சுமத்தியதே அக்கணக்கின் குற்றம்.

யந்திரத்தை இகழ்ந்து நாம் தப்பிவிடலாகாது. பல்லாண்டுகளுக்கு முன் ஒரு மாணாக்கனை நோக்கி, “உனக்குக் கணிதம் வராது” என்றோம். மூன்று தவணைப் புள்ளிகளே நமக்குச் சான்று. அன்றுமுதல் அவன் முயலாதொழிந்தான், ஆண்டிறுதியிலே தேறவுமில்லை. நம் கூற்று மெய்யாயிற்றென்று அப்போது இறுமாந்தோம். நம் கூற்றே அதற்குக் காரணமாயிற்றென்பதைப் பிற்காலத்திலேதான் உணர்ந்தோம்.

அங்ஙனமாயின் முன்னறிவு வேண்டாவோவெனின், வேண்டும். வைத்தியர் நோயின் போக்கை முன்னறிவது மருந்து கொடுத்தற்பொருட்டேயாம். “இவன் இவ்வாறே செல்வானாயின் தவறுவான்” என்பது துணைசெய்ய நம்மை அழைக்குஞ் சொல். “இவன் தவறுவான்” என்பது கதவையடைக்குஞ் சொல். “ஆயின்” என்னும் அச்சிறு சொல்லிலே உபாத்தியாயரது கடமை முழுதும் அடங்கிநிற்கின்றது.

அச்சிறைப்பெண் தன் தோட்டத்தை வருங்காலத்தில் வைத்தது கணக்கினாலன்று, நம்பிக்கையினாலேயாம். நம் முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளையின் தோட்டமும் அங்கேயே உள்ளது. அதனை அழிக்குங் காவலர் நாமாகாதிருப்போமாக.