சிவப்புக்குக் கிடைத்த கைதட்டல்

2006-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஃபோர்டு நிறுவனத்தில் வியாழக்கிழமைதோறும் ஒரு கூட்டம் நடந்தது. போயிங்கிலிருந்து அந்தச் செப்டம்பரில் வந்து தலைமைப் பொறுப்பேற்ற ஆலன் முலாலி கொண்டுவந்த வழக்கம் அது. ஒவ்வொரு துறைத் தலைவரும் தம் வேலைகளின் நிலவரத்தை மூன்று நிறங்களில் காட்ட வேண்டும். ஒழுங்காக நடந்தால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், சிக்கிக்கொண்டால் சிவப்பு. தொடக்கத்தில் வந்த அட்டவணைகள் எல்லாம் பச்சை. அந்த ஆண்டில் நிறுவனத்தின் நட்டமோ 1,200 கோடி டாலரைத் தாண்டியது.

பொய் சொல்வோம் என்று அங்கே யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. குறையை ஒப்புக்கொண்டவரின் நாற்காலி ஆடும் என்பது அவர்கள் பல ஆண்டுகளாகக் கற்ற பாடம். அமெரிக்கப் பிரிவின் தலைவர் மார்க் ஃபீல்ட்ஸ் அதை மீறினார். எட்ஜ் என்ற புதிய காரில் ஒரு கோளாறு தெரிந்ததால் கனடாவின் ஓக்வில் ஆலையிலிருந்து அது வெளிவருவதை அவர் நிறுத்திவைத்திருந்தார். அடுத்த கூட்டத்தில் அதைச் சிவப்பில் காட்டினார். அவர் கதை முடிந்தது என்றே உடனிருந்தவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். இதற்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். மேசையைச் சுற்றிலும் இருந்தவர்கள் உதவ முன்வந்தார்கள். சில வாரங்களில் மற்றவர்களின் அட்டவணைகளிலும் மஞ்சளும் சிவப்பும் தலைகாட்டின.

இந்தச் சம்பவத்தில் துணிச்சல்காரர் ஃபீல்ட்ஸ் என்று சொல்வது எளிது. அவர் தம் வேலையையே பணயம் வைத்தார். முலாலியின் கைதட்டல் செலவில்லாத பெருந்தன்மையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கெட்ட செய்தியைக் காதில் வாங்கிய மறுகணமே அது கேட்டவரின் பொறுப்பாகிவிடுகிறது. ‘எனக்குத் தெரியாது’ என்று அதற்குப் பிறகு அவர் சொல்ல முடியாது. பல மேலதிகாரிகள் கெட்ட செய்தியை வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்குக் காரணம் இந்தப் பயம்தான். அது பயம்போலத் தெரிவதுமில்லை. அவசரமாக, கண்டிப்பாக, ‘தீர்வு இல்லாமல் பிரச்சினையோடு வராதே’ என்ற நிர்வாக ஒழுங்காக வேடமிட்டு வரும்.

அந்த வேடம் உயிர்களைக் குடித்த இரவு 1986 ஜனவரி 27. மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடம் புறப்படவிருந்தது. அதன் உந்துபொறிகளைச் செய்த மார்ட்டன் தையகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் யூட்டாவிலிருந்து தொலைபேசி வழியே நாசாவிடம் எச்சரித்தார்கள். கடுங்குளிரில் உந்துபொறியின் இணைப்புகளிலுள்ள ரப்பர் வளையங்கள் இறுகிவிடும். சுமார் 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவக்கூடாது என்றார்கள். நாசா தரப்பில் எரிச்சல் வெளிப்பட்டது. தையகால் சற்று அவகாசம் கேட்டது. அந்த இடைவேளையில் மேலதிகாரி ஒருவர், பொறியியல் பிரிவின் தலைவரைப் பார்த்து, இனிப் பொறியாளராக அல்லாமல் நிர்வாகியாக யோசிக்கச் சொன்னார். ஏவலாம் என்று நான்கு நிர்வாகிகள் முடிவெடுத்தார்கள். பொறியாளர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

ஏவுதளத்தில் இருந்த ஆலன் மெக்டொனால்டு தையகாலின் உந்துபொறித் திட்டத்துக்கே இயக்குநர். ஒப்புதல் தாளில் கையெழுத்திட மறுத்தார். யூட்டாவிலிருந்து வேறொருவரின் கையெழுத்தோடு தொலைநகல் வந்துசேர்ந்தது. மறுநாள், புறப்பட்ட 73-ஆவது நொடியில் விண்ணோடம் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள்.

நிர்வாகிகளின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. ஐயத்துக்கு இடமே இல்லாத ஏவுதல் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு கவலைக்கும் வேலையை நிறுத்தினால் எந்த நிறுவனமும் நகராது. முழுத் தகவல் கையில் இல்லாதபோதும் முடிவெடுக்கத்தான் தலைவர் இருக்கிறார். அந்த இரவின் தவறு முடிவெடுத்ததில் இல்லை. பாதுகாப்பானது என்பதை மெய்ப்பிக்க வேண்டியவர்கள் நிர்வாகிகள். அவர்களோ, ஆபத்தானது என்று மெய்ப்பிக்கும் சுமையைப் பொறியாளர்கள் தலையில் ஏற்றினார்கள். உறுதியாகச் சொல்ல முடியாத அச்சத்துக்கு அந்த அறையில் மதிப்பே இல்லாமல் போனது. அதிகாரம் உள்ளவரின் கோழைத்தனம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

தலைவர் எல்லாப் பழியையும் தாமே ஏற்றுக்கொண்டால் போதாதா? தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த உதாரணம் சதீஷ் தவன். 1979 ஆகஸ்ட் 10-இல் எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தபோது, இஸ்ரோ தலைவரான அவர் செய்தியாளர்களின் கேள்விகளைத் தாமே எதிர்கொண்டார். 1980 ஜூலை 18-இல் அது வென்றபோது திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பேச அனுப்பினார். கலாம் மேடைதோறும் நன்றியோடு சொன்ன நிகழ்ச்சி இது. இதன் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வெளியே குடைபிடித்த அதே நிறுவனம் உள்ளே தோல்வியைத் துருவி ஆராய்ந்தது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்ததைக் கண்டுபிடித்தது. தம் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கலாமும் தயங்கவில்லை. அந்த ஆய்வு நடந்திராவிட்டால் தவனின் பெருந்தன்மை தவற்றை மூடும் போர்வையாகியிருக்கும்.

சேலஞ்சர் விபத்தை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் முன் மெக்டொனால்டு எழுந்து, ஏவுவதற்குத் தம் நிறுவனம் முதலில் தெரிவித்த எதிர்ப்பைப் பற்றிச் சொன்னார். நிறுவனம் அவரைப் பொறுப்பிலிருந்து இறக்கியது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்ட பிறகே அவருக்கு மீண்டும் உரிய இடம் கிடைத்தது. இணைப்புகளைத் திருத்தியமைக்கும் பணியை அவரே முன்னின்று நடத்தினார். 1988 செப்டம்பரில் விண்ணோடம் மறுபடி பறந்தது. அந்த இரவில் அவரைப்போலவே வாதாடிய பொறியாளர் ரோஜர் பாய்ஜாலிக்கு அப்படியொரு மீட்சி வாய்க்கவில்லை. உடன் வேலை செய்தவர்களே அவரை ஒதுக்கினார்கள். அவர் நிறுவனத்தை விட்டே விலகினார். பிறகு அவருடைய வீரத்துக்கு விருதுகள் கிடைத்தன. ஒரு ரப்பர் வளையத்தைப் பற்றி உண்மை பேச ஒரு பொறியாளருக்கு அவ்வளவு வீரம் தேவைப்படும்படி அந்த அலுவலகத்தை வைத்திருந்தவர்கள் அவருடைய மேலதிகாரிகள்.