உச்சிவேளைப் பேய்

கத்தோலிக்க மறைக்கல்வி வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்குத் தலையான பாவங்கள் ஏழும் தலைகீழாகத் தெரியும். அகங்காரத்தில் தொடங்கும் அந்த வரிசையில் சோம்பல் கடைசியாக வரும். கோபமும் மோகமும் இருக்கும் பட்டியலில் சோம்பலுக்கு என்ன வேலை என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை. விடிந்த பிறகும் போர்வையை இழுத்து மூடிக்கொள்வதும், கொலைவரை கொண்டுபோய் விடக்கூடிய கோபமும் ஒரே தட்டில் நிற்குமா?

நாம் சோம்பல் என்று ஒப்பித்த இடத்தில் லத்தீனில் இருப்பது அக்கேடியா. வேலைக்குச் சுணங்குகிறவனைக் குறிக்க லத்தீனில் வேறு சொற்கள் உண்டு. எறும்பிடம் போய்ப் பாடம் கற்றுக்கொள் என்று நீதிமொழிகள் நூல் ஒரு சோம்பேறியை விரட்டுகிறதே, அவன் லத்தீன் விவிலியத்தில் 'பிகர்'. அவனுடைய குணம் பிக்ரிசியா. ஸ்பானியரின் பெரேசாவும் பிரெஞ்சுக்காரரின் பரேஸும் அதிலிருந்து வந்தவை. அக்கேடியாவுக்கு அந்தக் குடும்பத்தோடு ஒட்டுறவு இல்லை. அது கிரேக்கத்திலிருந்து வந்தேறிய சொல். அக்கறை அற்றுப்போவது என்று பொருள். எதன்மீது இருந்த அக்கறை என்பதுதான் கேள்வி. அதற்கு எகிப்தின் பாலைவனத்துக்குப் போக வேண்டும்.

நைல் கழிமுகத்துக்கு மேற்கே கெல்லியா என்று ஓர் இடம். சிற்றறைகள் என்பதே அந்தப் பெயரின் பொருள். 4ஆம் நூற்றாண்டில் அங்கே துறவிகள் தனித்தனிக் குடில்களில் வாழ்ந்தார்கள். ஒருவர் குரல் மற்றவர் காதில் விழாத தூரத்தில் ஒவ்வொரு குடிலும் இருந்தது. சனி, ஞாயிறு மட்டும் கூடுவார்கள். மற்ற நாள்களில் செபம், கைவேலை, மறுபடி செபம். பேரீச்ச ஓலையை நனைத்து வைத்துக்கொண்டு கயிறு திரிப்பார்கள், கூடை முடைவார்கள். பிற்பகல் 3 மணி வாக்கில் ஒருவேளைச் சாப்பாடு. பொந்துஸ் நாட்டிலிருந்து வந்த எவாக்ரியுஸ் அங்கே 399இல் இறக்கும்வரை இருந்தார். நசியான்சு கிரகோரியாரிடம் பயின்றவர். கான்ஸ்டான்டினோபிளில் பேரோடும் செல்வாக்கோடும் இருந்துவிட்டு, எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவர். பாலைவனத்தில் ஏடுகளைப் படியெடுத்துப் பிழைத்தார். துறவியின் மனத்தைக் குலைக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்து எழுதிவைத்தவரும் அவரே. அந்த எட்டில் மிகக் கொடியது அக்கேடியா என்பது அவருடைய கணிப்பு. திருப்பாடல்களில் நண்பகலில் தாக்கும் பேய் ஒன்று வருகிறது. அந்தப் பேய் இதுதான் என்றார். உச்சிவேளையில் வெளியே போகாதே, பேய் உலாத்தும் என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது.

அவர் காட்டும் துறவியைப் பாருங்கள். காலை 10 மணிக்குப் பேய் வருகிறது, பிற்பகல் 2 மணிவரை விடுவதில்லை. சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது. பகலுக்கு ஐம்பது மணி நேரம் போலிருக்கிறது. துறவி சன்னல் பக்கமே பார்க்கிறார். எழுந்து வெளியே வந்து, சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சூரியனை அண்ணாந்து பார்க்கிறார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பி, சக துறவி யாராவது வருகிறாரா என்று தேடுகிறார். இந்த இடம் பிடிக்கவில்லை, இந்த வாழ்க்கை பிடிக்கவில்லை, இந்தக் கைவேலை பிடிக்கவில்லை. இங்கே இருப்பவர்களிடம் அன்பே வற்றிவிட்டது, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை என்று படுகிறது. அண்மையில் யாராவது மனம் நோகப் பேசியிருந்தால் அதுவும் இப்போது வந்து சேர்ந்துகொள்கிறது. வேறோர் இடத்தில் பிழைப்பு எளிது, கடவுளை எங்கிருந்தும் தொழலாமே என்று தோன்றுகிறது. ஊரும் உறவும் கண்ணில் நிற்கின்றன. இன்னும் வாழ வேண்டிய ஆண்டுகள் நீண்டு கிடக்கின்றன.

எவாக்ரியுஸின் வழியில் வந்த யோவான் காசியான் இதை லத்தீன் உலகுக்குக் கொண்டுபோனார். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்செய் நகரில் எழுதிய நூலில் ஒரு பகுதி முழுக்க அக்கேடியாவைப் பற்றியது. அவர் சொன்ன ஒரு செய்தி என்னை விடவே இல்லை: இந்தப் பேய் நல்ல காரியங்களையும் காட்டும். நோயாளி ஒருவர் தூரத்தில் இருக்கிறாரே, போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆதரவில்லாத ஒரு பெண்மணிக்கு உதவலாம். சும்மா அறைக்குள் உட்கார்ந்திருப்பதைவிட அது புண்ணியம் அல்லவா என்று கேட்கும். அது ஆளைச் சும்மா படுக்க வைக்கவும் செய்யும், ஓடி ஓடி உழைக்கவும் வைக்கும். எதற்காக வந்தோமோ அதிலிருந்து ஆள் எழுந்து போய்விட வேண்டும், அவ்வளவுதான் அதற்கு வேண்டும்.

மொழிபெயர்ப்பு மேசையில் நான் இதைத் தினமும் பார்க்கிறேன். பெரிய நூல் ஒன்றின் முதல் அத்தியாயங்கள் ஆசையில் ஓடிவிடும். கடைசி அத்தியாயங்களை, முடியப்போகிறது என்ற தெம்பு இழுத்துக்கொண்டு போகும். நடுவில் இருப்பதுதான் பாலைவனம். காலை பதினொரு மணிக்கு ஒரு வாக்கியம் வழிமறிக்கிறது. உடனே அகராதி அலமாரியை ஒழுங்குபடுத்தத் தோன்றுகிறது. பதில் போடாத கடிதம் ஒன்று நினைவுக்கு வருகிறது. வேறொரு நூலுக்கு முன்னுரை கேட்டிருந்தார்களே, அதை முடித்துக் கொடுத்துவிடலாம் என்று படுகிறது. எதுவும் வீண்வேலை இல்லை. ஆனாலும் அந்த வாக்கியம் அங்கேயே கிடக்கிறது.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் இருக்கிறார். ஆசைப்பட்டு அந்த வேலைக்கு வந்தவர். இப்போது பள்ளியில் ஆண்டுவிழா அவர் பொறுப்பு, பதிவேடுகள் அவர் பொறுப்பு, பயிற்சி முகாம் என்றால் முதல் ஆளாகப் பேர் கொடுப்பார். மணி அடித்தால் வகுப்புக்குள் நுழைவது மட்டும் நாளுக்கு நாள் பாரமாகிறது என்று என்னிடம் சொன்னார். அவரைச் சோம்பேறி என்று அந்த ஊரில் ஒருவர்கூடச் சொல்ல மாட்டார்கள். அக்கேடியா என்ற சொல் இருப்பது இப்படிப்பட்டவருக்காகத்தான் என்று நினைக்கிறேன். ஒருகாலத்தில் நேசித்ததே இப்போது பாரமாக அழுத்துகிறது.

13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதைத் துல்லியமாகவே பிடித்தார். அவர் பார்வையில் அக்கேடியா ஒரு வகைத் துயரம். தெய்வீக நன்மையைக் கண்டு மகிழ வேண்டிய மனம் அதைக் கண்டே துவள்வது. அதனால் அது அன்பின் மகிழ்ச்சிக்கு எதிரான பாவம். அதிலிருந்து நம்பிக்கை இழப்பும் வன்மமும் மனம் அலைபாய்வதும் பிறக்கும் என்றார். வன்மத்தை அவர் சேர்த்தது எவ்வளவு சரி! விட்டுப்போன காதலை இன்னும் சுமந்துகொண்டிருப்பவர்களைக் கண்டால் நமக்கு எரிச்சல் வரத்தானே செய்கிறது. கவிஞர் தாந்தேயும் இதை அறிந்தவர். அவருடைய உத்தரிப்பு மலையின் ஏழு தளங்களில் நான்காவது, நட்டநடுத் தளம், இவர்களுக்கு. அன்பில் மந்தமாக இருந்தவர்கள் அங்கே ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். நின்று பேசக்கூட நேரமில்லை.

பிற்காலத்தில் இந்தச் சொல் சுருங்கிப்போயிற்று. கடமை தவறுவது, வேலைக்குப் போகாதிருப்பது என்று பொருள் தேய்ந்து, சோம்பேறிக்கும் அக்கேடியாவுக்கும் வேறுபாடு தெரியாமல் போனது. இது வெறும் அகராதி நட்டம் இல்லை. மனம் வறண்டவரிடம் நாம் சொல்லும் மருந்து மாறிவிட்டது. சோம்பல் என்று பெயர் வைத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் ஓடு என்கிறோம். அவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறார். மெய்யியலாளர் யோசெஃப் பீப்பர் 1948இல் எழுதிய நூலில், ஓயாத உழைப்பும் அக்கேடியாவும் எதிரிகள் இல்லை, உறவினர்கள் என்று வாதிட்டார். எனக்கு அதில் முழு உடன்பாடு.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பசியால் வரும் தளர்ச்சி வேறு, ஓய்வே கொடுக்காத வேலையில் வரும் களைப்பு வேறு, மருத்துவரிடம் போக வேண்டிய மனச்சோர்வு நோய் வேறு. அவற்றுக்கு இந்தப் பெயரைச் சூட்டி, பொறுத்துக்கொண்டு உட்கார் என்று சொல்வது கொடுமை.

ஆனால் நேசித்த வேலையின் நடுவே வரும் வறட்சிக்கு அந்தத் துறவிகள் சொன்னது மிக எளியது. வனத்து அந்தோணியாரைப் பற்றி ஒரு கதை உண்டு. அவர் இதே வறட்சியில் தவித்து, என்ன செய்வேன் என்று கடவுளிடம் கேட்கிறார். வெளியே வந்து பார்த்தால், தன்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிக்கிறார்; எழுந்து செபிக்கிறார்; மறுபடி உட்கார்ந்து திரிக்கிறார். அது வானதூதர். இப்படிச் செய், போதும் என்கிறார். பவுல் என்ற துறவியைப் பற்றிக் காசியான் எழுதியது இதைவிடக் கடுமையானது. ஊருக்குப் போக ஏழு நாள் நடக்க வேண்டிய தொலைவில் இருந்தவர் அவர். கூடையை விற்க வழியில்லை, விற்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனாலும் தினமும் ஓலையில் வேலைசெய்து, ஆண்டு முழுவதும் குகையில் சேர்த்துவைத்து, ஆண்டு முடிவில் அத்தனையையும் கொளுத்திவிடுவாராம். இதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை; யாருக்கும் பயன்படாத கூடையில் என் மனம் நிற்காது. ஆனால் பலன் கண்ணில் படாத நாளிலும் கை நிற்கக் கூடாது என்று அவர் ஏன் நினைத்தார் என்பது நடு அத்தியாயங்களில் எனக்குப் புரிகிறது.

எவாக்ரியுஸ் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். இந்தப் பேயோடு மல்லுக்கட்டி நின்றுவிட்டால், அதன் பின்னாலேயே வேறொரு பேய் வருவதில்லை. மனத்தில் அமைதியும் சொல்ல முடியாத மகிழ்ச்சியும் வந்து நிறையும் என்று. ஆசிரிய நண்பரிடம் இதைச் சொன்னேன். எத்தனை நாள் நிற்க வேண்டும் என்று கேட்டார். அதற்கு எவாக்ரியுஸ் கணக்கு எதுவும் தரவில்லை. அடுத்த கல்வியாண்டில் ஆண்டுவிழாப் பொறுப்பை மட்டுமாவது வேறொருவரிடம் கொடுத்துவிடப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.