சுண்ணாம்புத் தீவில் ஒரு கருங்கல் மேடை

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் கல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை. நெடுந்தீவில் வளவுக்கு வளவு வேலியாக நிற்பது முருகைக்கல். சாந்து பூசாமல், கல்லோடு கல் பொருந்த அடுக்கியது. அங்குள்ள பழைய கோட்டையின் இடிந்த சுவர்களும் முருகைக்கல்தான். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கிற கடற்கோட்டையிலும் அதே கல். கிணறு வெட்டினால் தட்டுப்படுவது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். குடாநாட்டின் அந்தக் கல்லை உடைத்துத்தான் காங்கேசன்துறை ஆலை 1950 முதல் சீமெந்து செய்தது. முருகைக்கல், சிப்பி, சங்கு, சுவரில் பூசிக் காய்ந்து இறுகிய சுண்ணாம்பு எல்லாமே கல்சியம் காபனேற்று. கடல் கட்டிக் கொடுத்த நிலத்தில் இருக்கிறோம்.

கருங்கல் இங்கே பிறந்ததல்ல. தீவில் உள்ள ஒவ்வொரு அம்மியும் ஆட்டுக்கல்லும் வெளியிலிருந்து தண்ணீர் கடந்து வந்தவை. சுவரில் கடற்கல்லும் மூலையில் கருங்கல்லுமாக, இரண்டு விதமான கற்களோடு எங்கள் குசினிகள் நெடுங்காலம் வாழ்ந்திருக்கின்றன. அம்மியில் புளியும் மிளகாயும் உப்பும் சேர்த்து அரைத்தார்கள். சுவரில் புளி பட விட்டதில்லை. எந்தக் கல்லில் எதைச் செய்யலாம் என்பது கையோடு பழகியிருந்தது.

*

இப்போது குசினி மேடைக்குத் தேய்த்து மெருகேற்றிய கல் போடுகிறார்கள். ஆந்திராவின் சீமகுர்த்தியில் வெட்டி உலகமெங்கும் அனுப்புகிற கறுப்புக் கல்லுக்குள் பொன்னிறப் புள்ளிகள் மினுங்கும். வெள்ளை மாபிளில் சாம்பல் நரம்பு ஓடும். இரண்டும் ஒரே மாதிரிப் பளபளக்கின்றன, தொட்டால் ஒரே மாதிரிக் குளிர்கின்றன. ஆனால் மாபிள், நெடுந்தீவு வேலியின் உறவு. அதே சுண்ணாம்பு பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து மாறியது. கிரனைட் அம்மியின் பக்கத்துச் சொந்தம். மேடையைத் துடைக்கச் சீலையை எடுக்குமுன் தெரிந்திருக்க வேண்டியது இந்த ஒன்றுதான்.

தெரியாவிட்டால் கல்லிடமே கேட்கலாம். அடுப்புக்குப் பின்னாலோ தொட்டிக்கு அருகிலோ கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு துளி தேசிக்காய்ப் புளியை விட்டு, சில நிமிடங்களில் துடைத்துவிட வேண்டும். மெருகு மங்கினால், அல்லது துளிக்குள் சிறு குமிழிகள் எழுந்தால், அது சுண்ணாம்புக் குடும்பம். ஒன்றும் நடக்காவிட்டால் பெரும்பாலும் கிரனைட்.

*

ஒரு மாபிள் மேடையில் பழப்புளி கரைத்த கிண்ணம் இருந்த இடத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. முகத்தைத் தாழ்த்தி, யன்னல் வெளிச்சம் கல்லின் மேல் சாய்ந்து விழுகிற பக்கமாகப் பார்த்தால் ஒரு வளையம் தெரியும். சுற்றிலும் யன்னல் கம்பிகள் கல்லில் தெளிவாகப் பிரதிபலிக்கும். வளையத்துக்குள் மட்டும் அவை கலங்கி நிற்கும். விரலால் தடவினால் அந்த இடம் மெல்லச் சொரசொரக்கும்.

அது கறையில்லை. கறையென்றால் கல்லின் மேல் ஏதோ கூடியிருக்கும். இங்கே கல் குறைந்திருக்கிறது. புளியின் அமிலம் கல்சியம் காபனேற்றைக் கரைத்துக் காபனீரொட்சைட்டாக வெளியே விட்டுவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தேய்க்கத் தேய்க்க வளையம் பெரிதாகவும் கூடும். திரும்ப மெருகேற்றத்தான் வேண்டும். நெடுந்தீவிலோ நயினாதீவிலோ என்றால் மெருகேற்றுபவரும் அவருடைய இயந்திரமும் குறிகட்டுவானில் வள்ளம் ஏற வேண்டும்.

தேசிக்காய், பழப்புளி, வினாகிரி, மாங்காய், தக்காளி, தயிர்: எங்கள் சமையலின் பாதி அமிலம்தான். அதைக் குறைக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. கிண்ணத்துக்குக் கீழே ஒரு தட்டு வைக்கலாம். சிந்தினால் உடனே ஒற்றி எடுக்கலாம். ஒற்றி எடுக்க வேண்டும். இழுத்துத் துடைத்தால் புளி இன்னும் பரவும். எதற்கும் நல்லது என்று தேசிக்காய்ப் பாதியால் மேடையைத் தேய்ப்பதை மாபிளில் அறவே விட வேண்டும். கிரனைட் புளியைத் தாங்கும். ஆனாலும் நாள்தோறும் தேய்த்தால் அதன் மேல் பூசியிருக்கும் காப்புப் பூச்சு தளர்ந்துவிடும்.

*

கருங்கல் மூர்த்திக்கு அபிடேகம் நடக்கும்போது அதன் ஒழுங்கைக் கவனிப்பதுண்டு. முதலில் எண்ணெய்க்காப்பு. பிறகு மாப்பொடி. மா எண்ணெயை உறிஞ்சிக் கொண்டு இறங்குகிறது. அதற்குப் பின்தான் பால், தயிர், தேசிக்காய்ச் சாறு, இளநீர். புளிப்பு அத்தனையும் கல்லின் மேல் வழிந்தோடுகிறது. நல்ல கருங்கல் அதைப் பொறுத்து நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் இடையில் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். எதுவும் கல்லில் கிடந்து காய விடுவதில்லை.

குசினியில் எண்ணெய் கல்லுக்குள் இறங்கி ஒரு இருண்ட திட்டாக நின்றால் செய்யக்கூடியதும் இதுதான். அப்பச்சோடாவைத் தண்ணீர் விட்டுக் களியாகக் குழைத்து, அந்தத் திட்டின் மேல் தடிப்பாக அப்பி, பொலித்தீனால் மூடி ஓர் இரவு விட வேண்டும். மறுநாள் மூடியை எடுத்துக் காய விட்டு, மரக்கரண்டியால் மெல்ல வழித்துக் கழுவ வேண்டும். ஒரு தடவையில் போகாவிட்டால் மறுபடியும். தாஜ்மகாலின் மஞ்சளித்த மாபிளுக்கு இந்தியத் தொல்லியல் துறை 1994 முதல் இதே வழியைத்தான் கையாண்டது: முல்தானி மண்ணைக் குழைத்துப் பூசி, அழுக்கை உறிஞ்ச விட்டு, கழுவி எடுப்பது. தேய்த்து எடுக்கிற பலத்தை விட உறிஞ்ச விடுகிற பொறுமை கல்லுக்கு நல்லது.

*

தண்ணீரைப் பற்றி ஒரு குறிப்பு. சுண்ணாம்புக்கல் ஊடாக ஊறி வருகிற எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கரையோரத்தில் சவரும் சேர்ந்திருக்கும். கேத்தலின் அடியில் வெள்ளைத் தோலாகப் படிவதும், குழாயைச் சுற்றிக் கல்லில் வெள்ளை விளிம்பாகப் படிவதும் ஒன்றே. இந்தத் தண்ணீரில் கட்டிச் சவர்க்காரம் போட்டால் நுரை வராது. சவர்க்காரமும் கல்சியமும் சேர்ந்து ஒரு மங்கிய ஆடையாகக் கல்லில் ஒட்டிக்கொள்ளும். மேடை எப்போதும் பிசுபிசுப்பாக, ஒளி குன்றி இருப்பதற்கு அநேக வீடுகளில் அதுதான் காரணம்.

பாத்திரம் கழுவுகிற திரவத்தில் சில துளி, இளஞ்சூட்டுத் தண்ணீர், மெல்லிய சீலைத்துண்டு. அன்றாடத்துக்கு இவ்வளவு போதும். அமிலமும் காரமும் மிகாத திரவமாகப் பார்த்து வாங்க வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சீலையால் ஒருமுறை. கடைசியாகக் காய்ந்த சீலையால் ஒருமுறை. இந்தக் கடைசித் துடைப்பைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம். தண்ணீர் தானாகக் காய்ந்தால் அதிலிருந்த சுண்ணாம்பு கல்லிலேயே தங்கிவிடும். துடைத்தால் சீலையோடு போய்விடும். மாரிகாலத்தில் பிடித்து வைக்கிற மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை. துடைப்பதற்கு அதைவிட நல்ல தண்ணீர் தீவில் வேறில்லை.

*

சாம்பலும் தும்பும் போட்டுப் பித்தளைப் பாத்திரம் விளக்கிய கைகளுக்கு மேடையையும் அப்படியே விளக்கத் தோன்றும். மாபிளின் கடினம் மோஸ் அளவில் 3. மணலில் இருக்கிற குவாட்சுத் துகளின் கடினம் 7. கடற்கரையிலிருந்து காற்றும் காலும் கொண்டு வருகிற மணல் சீலையில் ஒட்டியிருந்தாலே மாபிளில் கீறல் விழும். முதலில் மேடையை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டுப் பிறகு நனைப்பது நல்லது.

*

சுத்தம் செய்வதும் கிருமி அகற்றுவதும் இரண்டு வேலைகள். தீவில் மீன் வராத நாள் குறைவு. நண்டு, கணவாய், இறால், திருக்கை. மீன் தண்ணீர் சிந்திய கல் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் சுத்தமில்லை.

1950ஆம் ஆண்டு யப்பானின் ஒசாக்காவில் சிறு நெத்தலி போன்ற மீன்களைச் சாப்பிட்ட 272 பேர் நோயுற்று, அவர்களில் 20 பேர் இறந்தார்கள். அந்த நோயைத் தேடிப் போன சுனேசபுரோ புஜினோ, கடலில் வாழும் ஒரு பற்றீரியாவைக் கண்டுபிடித்தார். இன்று அதற்கு விப்ரியோ பராஹீமோலிற்றிக்கஸ் என்று பெயர். உப்பு அதற்கு உயிர். நன்னீரிலும் உலர்ந்த பரப்பிலும் அது நெடுநேரம் தாங்காது. ஈரமாகக் கிடக்கிற மேடையும், பிழியாமல் போட்ட சீலையும்தான் அதற்கு வாய்ப்பு. மீன் வெட்டிய பலகையைக் கழுவாமல் அதன் மேலேயே வெங்காயம் அரிவதும் அப்படித்தான். மீனைக் கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் தனிப் பலகை வைத்து வெட்டுகிற பழைய வழக்கத்தில் நல்ல புத்தி இருக்கிறது.

மேடையில் மீன் தண்ணீர் பட்டுவிட்டால் முதலில் சவர்க்காரத் திரவத்தால் கழுவித் துடைக்க வேண்டும். கொழுப்பும் இரத்தமும் இருக்கிற இடத்தில் கிருமிநாசினி கிருமியைப் போய்ச் சேராது. பிறகு 70 வீத ஐசோபுரொப்பைல் அற்ககோல். அடுப்பு அணைந்திருக்க வேண்டும், யன்னல் திறந்திருக்க வேண்டும். 70 வீதம் என்பதில் ஒரு நியாயம் உண்டு: கிருமியின் புரதத்தைக் குலைக்க அற்ககோலுக்குத் தண்ணீரின் துணை வேண்டும். தனி அற்ககோல் விரைவில் ஆவியாகிவிடும், வேலையும் குறையும்.

தெளித்த பின் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. நிற்க வேண்டும். கல் நனைந்தபடியே இருக்க வேண்டிய நேரம் குப்பியில் எழுதியிருக்கும். அதற்குள் காய்ந்தால் மறுபடி தெளிக்க வேண்டும். தெளித்த உடனே துடைத்தால் மருந்தைத்தான் துடைக்கிறோம். அந்தச் சில நிமிடங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது, தேய்ப்பதை விடக் கடினம். ஏதாவது செய்துகொண்டிருந்தால்தான் வேலை நடக்கிறது என்று உடம்பு நம்புகிறது. இங்கே காலம்தான் வேலை செய்கிறது. அதற்கு இடம் விட்டுப் பழகிய பிறகு, கறி கொதிக்கக் காத்திருப்பதிலும் மருந்து வேலை செய்யக் காத்திருப்பதிலும் பதற்றம் குறைகிறது. நேரம் முடிந்ததும் தண்ணீரால் துடைத்து, உலர்த்தி, பிறகுதான் உணவு வைக்க வேண்டும்.

3 வீத ஐதரசன் பேரொட்சைட்டும் உதவும். வெளிர் நிறக் கல்லுக்கே அது பொருந்தும். கறுப்புக் கல்லின் நிறத்தை வெளிறச் செய்யலாம்.

*

வினாகிரி கிருமிநாசினி ஆகாது. நம்பத்தக்க அளவில் கிருமியைக் கொல்லாது, மாபிளை மட்டும் தவறாமல் அரிக்கும்.

கிணற்றுக்கு அளந்து குளோரீன் போடுவது தெரிந்த வழக்கம் என்பதால், மேடைக்கும் அதே வெளிற்றும் திரவத்தை ஊற்றுகிறார்கள். அடிக்கடி பட்டால் கல்லின் மெருகும் காப்புப் பூச்சும் கெடும். அதைவிடப் பெரிய ஆபத்து, அதோடு தேசிக்காயோ வினாகிரியோ கலப்பது. குளோரீன் வாயு எழும். அமோனியா கலந்தாலும் நச்சு வாயு வரும். சிறிய குசினியில், கதவு சாத்திய நிலையில், அது மூச்சையே எடுக்கக்கூடியது. கல்லைப் பற்றிய இந்தக் குறிப்புகளில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால், கலக்காதீர்கள் என்ற இந்த வரியை வையுங்கள்.

*

காப்புப் பூச்சு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கரண்டித் தண்ணீர் போதும். கல்லில் விட்டு, கால் மணி நேரம் கழித்து ஒற்றிப் பார்க்க வேண்டும். அந்த இடம் கறுத்திருந்தால் கல் குடிக்கிறது. மறுபடி பூச வேண்டிய காலம். குடிக்கிற கல் மீன் தண்ணீரையும் குடிக்கும், மஞ்சளையும் குடிக்கும். மஞ்சள் கறைக்கு அவசரப்பட வேண்டாம். அதன் நிறம் வெயிலில் தானாக வெளிறும். யன்னலோரக் கல்லாக இருந்தால் நாளடைவில் பாதி வேலையைச் சூரியனே முடித்துவிடும்.

*

1990களின் இடப்பெயர்வுக்குப் பிறகு தீவுப்பகுதியில் பூட்டிக் கிடந்த வீடுகள் பல. இப்போது பாரிசிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் உழைத்த காசில் சில வீடுகள் திருத்தப்படுகின்றன. குசினிக்கு நல்ல கல் போடுகிறார்கள். கோயில் திருவிழாவுக்கு வந்து இரண்டு மூன்று கிழமை நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். மிச்சக் காலம் அந்த மேடையைத் துடைப்பது ஒரு வயதான அம்மா, அல்லது திறப்பை வைத்திருக்கிற அயல்வீட்டு அக்கா. அவர் தனக்குத் தெரிந்த மிக நல்ல பொருளான தேசிக்காயை எடுத்து, அக்கறையோடு தேய்க்கிறார். கல் மங்குகிறது. அடுத்த முறை வருகிறவர் முகம் சுளிக்கிறார். அந்த அக்கறை குற்றமாகிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கல் வாங்கும்போது கடையில் அதன் இனத்தைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். பூச்சு எப்போது பூசியது என்பதையும் அதிலேயே குறிக்க வேண்டும். திறப்பைக் கொடுக்கும்போது, "அக்கா, இது மாபிள், புளி ஆகாது, இந்தத் திரவம் போதும், அற்ககோலும் குளோரீனும் தனித்தனி அலுமாரியில் இருக்கு" என்று சொல்லி, அந்தத் தாளையும் கையில் கொடுக்க வேண்டும். கல்லைப் போட்டவரின் பொறுப்பு கொத்தனாருக்குக் காசு கொடுத்ததோடு முடிவதில்லை. அதைத் துடைக்கப் போகிறவருக்குத் தெரிய வேண்டியதைச் சொல்வதும் வீடு கட்டுவதில் அடக்கம்.