தண்டலும் அழகிய கடனும்

 



மயிலாப்பூர் மாட வீதிகளில் பூ விற்கும் பெண்ணையும், தி. நகர் ரங்கநாதன் தெருவில் ஊசி, பாசி, ரிப்பன் விற்கும் பெண்ணையும், அடையாறு குப்பத்தில் மீன் கூடை சுமக்கும் பெண்ணையும் நாம் நாள்தோறும் பார்க்கிறோம். இராயப்பேட்டையிலும் ஜாம்பஜாரிலும் நம் வீட்டுப் பெண்களே சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறார்கள். இடியாப்பம் அவித்து விற்கிறார்கள். புர்கா தைத்துக் கொடுக்கிறார்கள். இவர்களின் முதல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தண்டலிலிருந்துதான்.

தண்டல் கணக்கு சென்னைவாசிகளுக்குப் புதிதல்ல. ஆயிரம் ரூபாய் என்று பேச்சு; பிடித்தம் போகக் கையில் வருவது 850. நாளைக்குப் பத்து ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். 150 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே பணம் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், சராசரியாக அவள் கையில் நிற்பது அதில் பாதிதான். ஆண்டுக் கணக்காக்கிப் பார்த்தால் வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடுகிறது! தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைத் தடை செய்து 2003-இல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. குழுக் கடன் வசூலிப்போர் வீட்டு வாசலில் நின்று வற்புறுத்துவதைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டமும் வந்தது. சட்டம் வந்தும் தேவை தீரவில்லை. காலையில் சரக்கு எடுக்கப் பணம் வேண்டுமே!

இந்த இடத்தில், நமக்கு அருகிலேயே நடந்த ஒரு முயற்சியை எண்ணிப் பார்ப்பது நல்லது. 1978-இல் ஜெயா அருணாசலம் என்ற அம்மையார், கட்சி அரசியலை விட்டு விலகி, உழைக்கும் மகளிர் சங்கத்தைச் சென்னையில் தொடங்கினார். அதன் தலைமையகம் மயிலாப்பூரில் அமைந்தது. அந்நாளில் அரசுடைமை வங்கிகளில் ஏழைகளுக்கு நான்கு சதவீத வட்டியில் கடன் தரும் திட்டம் இருந்தது. ஆனால் கூடைக்காரிக்கு வங்கிப் படியேறத் துணிவில்லை, ஜாமீனுக்குச் சொத்துமில்லை. சங்கம் என்ன செய்தது? ஒரே தெருவில் உள்ள பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு ஒருவரை ஜாமீனாக்கியது. குழுத் தலைவியும் அதே தெருக்காரிதான். சில நூறு ரூபாய்க் கடன்கள். அவை திரும்பி வந்தன. 1981-இல் அப்பெண்கள் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கத்தையும் அமைத்துக்கொண்டார்கள்.

அங்கும் வட்டி உண்டு. அதை மறைத்துப் பேசுவதற்கில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வட்டியை அல்ல. ஏழைப் பெண்ணின் வாக்குக்கு மதிப்புண்டு என்று அங்கே மெய்ப்பிக்கப்பட்டதையே. அடுத்த வீட்டுக்காரி தனக்காகப் பொறுப்பேற்றிருக்கிறாள் என்றால் அவள் பட்டினி கிடந்தாவது தவணையைக் கட்டுகிறாள்.

பொறுப்பேற்பது நமக்குப் புதிய பாடமா? கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் முன்வந்து அக்கடனைத் தம் பொறுப்பில் ஏற்ற பின்னரே தொழுகை நடத்தினார்கள். புகாரியில் வரும் செய்தி இது. கடன் எவ்வளவு பாரமானது, பிறர் கடனுக்குத் தோள் கொடுப்பது எவ்வளவு மேலானது என்ற இரண்டும் இதில் இருக்கின்றன.

பெண்ணின் உழைப்பைக் குறைவாக எண்ணுவோர் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகத்தைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கைகளால் உழைத்து, அந்தப் பணத்தைத் தர்மம் செய்து வந்தார்களே, அதை ஏனோ அவ்வளவாகச் சொல்வதில்லை!

யாசகம் கேட்டு வந்த அன்ஸாரித் தோழரின் வரலாறும் அபூதாவூதில் இருக்கிறது. அவர் வீட்டிலிருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் நாயகம் (ஸல்) அவர்களே ஏலமிட்டு, இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒன்று வீட்டுச் சாப்பாட்டுக்கு, மற்றொன்றில் கோடரி. அதற்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு பொருத்தி விறகு வெட்ட அனுப்பினார்கள். பதினைந்து நாளில் அவர் பத்து திர்ஹம் ஈட்டி வந்தார். அவர் கேட்டு வந்தது உதவி. பெற்றுச் சென்றது தொழிலுக்கான முதல்.

வட்டி வாங்குபவரும் கொடுப்பவரும் எழுதுபவரும் சாட்சியும் சமமே என்பது நபிமொழி. ஆகவே தண்டல் வாங்கும் பெண்ணிடம் பாவத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பீரோவில் காசும் நகையும் பூட்டி வைத்துக்கொண்டு, ஐயாயிரம் கைமாற்றுக் கேட்டவளை வெறுங்கையோடு திருப்பியனுப்பிய வீட்டுக்காரர் அதைச் சொன்னால் அவள் காதில் எப்படி ஏறும்? வியாபாரத்தை ஆகுமாக்கி வட்டியைத் தடுத்த (2:275) அதே திருமறைதான், அல்லாஹ்வுக்கு அழகிய கடன் கொடுப்பவர் யார் என்றும் கேட்கிறது (2:245). அந்தக் கேள்வி காசு உள்ளவரை நோக்கி வருகிறது.

இது நடக்கக்கூடியதா என்று சந்தேகிப்போர் லாகூரைப் பார்க்கட்டும். 2001-இல் டாக்டர் அம்ஜத் ஸாகிப் அங்கே தொடங்கிய ‘அகூவத்’ என்னும் அமைப்பு, ஒரு விதவைக்கு வட்டியில்லாமல் பத்தாயிரம் ரூபாய் கொடுத்துப் பணியை ஆரம்பித்தது. பள்ளிவாசலில் கூட்டி வைத்தே கடன் கொடுக்கிறார்கள். கொடுத்ததில் மிகப் பெரும்பகுதி திரும்பி வந்திருக்கிறது.

நம் மஹல்லாவில் முப்பது வீடுகள் ஆளுக்கு ஆயிரம் போட்டால் முப்பதாயிரம். மூன்று பெண்களுக்குப் பத்தாயிரம் வீதம் கொடுத்து, வாரம் 200 ரூபாயாக ஐம்பது வாரத்தில் வாங்கலாம். பதினேழு வாரத்தில் நான்காமவளுக்குக் கொடுக்கப் பணம் சேர்ந்துவிடும். வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு சாட்சிகள். கடனை எழுதிக்கொள்ளுங்கள் என்பது இறைக்கட்டளை (2:282). உறவுக்காரிதானே என்று விட்டுவிடக் கூடாது. நம் பெண்கள் நடத்தும் குலுக்கல் சீட்டிலும் இந்த முறையின் சாயல் இருக்கிறது: போட்டது அப்படியே திரும்பும். தள்ளுபடி கேட்டு எடுக்கும் ஏலச் சீட்டின் கதை வேறு. அதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்க.

நோயிலோ மழையிலோ வியாபாரம் படுத்துவிட்டால்? வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது திருமறை (2:280). அறவே முடியாமற்போனவருக்கு ஸகாத்தின் எட்டுப் பங்குகளில் கடனாளியின் பங்கு இருக்கவே இருக்கிறது (9:60). தவணை தவறியவளின் பெயரைத் தெருவில் சொல்லித் திரிவதை மட்டும் நிர்வாகிகள் அடியோடு தவிர்க்க வேண்டும். தண்டல்காரர் செய்வது அதைத்தான்.

பெருநாள் தையல் வேலை ஷஃபானிலேயே வந்துவிடுகிறது. துணிக்கும் நூலுக்கும் அதற்கு முன்பே காசு தேவை. முத்தவல்லிமார்கள் ரஜப் மாதக் கூட்டத்திலேயே இதைப் பேச்சுக்கு எடுத்துக்கொண்டால், அந்தப் பெண்கள் இந்த ஆண்டு தண்டல்காரர் வீட்டுக்குப் போகாமலே துணி எடுத்துவிடலாம்.