பாடத்தெரிவு யாருடைய பொறுப்பு?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்ததும் எமது வீடுகளில் எழும் முதற் கேள்வி, “இனி என்ன படிக்கப் போகிறாய்?” என்பதாகும். கேள்வி பிள்ளையிடந்தான் கேட்கப்படுகிறது. விடையோ, பிள்ளை வாய் திறக்குமுன்னரே பெரும்பாலும் சொல்லப்பட்டு விடுகிறது. நன்றாகச் செய்தவனுக்கு உயிரியல் அல்லது கணிதம், நடுத்தரமானவனுக்கு வர்த்தகம், எஞ்சியவனுக்குக் கலை. எமது ஆசிரியர்கள், சட்டத்தரணிகள், நிர்வாக உத்தியோகத்தர்கள் பலர் அந்த ‘எஞ்சிய’ பிரிவில் படித்து வந்தவர்களே என்பது அவ்வேளையில் எவருக்கும் நினைவு வருவதில்லை.

பெற்றோரே, உங்களைக் குறை கூற இதை எழுதவில்லை. இந்த ஆசைக்கு ஒரு வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், மருத்துவ, பொறியியற் பீடங்களின் வாசலை எமது மாணவர் பலருக்கு ஒடுக்கியது. பின்னர் வந்த போர் காணியையும் வீட்டையும் பறித்தது. 1995 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்கள் எதைத் தூக்குவது, எதை விடுவது என்று திகைத்து நின்றார்கள். படித்த படிப்பை மட்டும் எவரும் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்ட சமூகம் டொக்டர், எஞ்சினியர் என்ற இரு சொற்களையும் இறுகப் பற்றியது பேராசையால் அன்று, பயத்தினால். அப்பயம் நியாயமானதே. ஆனால் எமது பயத்தைப் போக்குவதற்காகப் பிள்ளையின் வாழ்வை ஈடு வைக்க எமக்கு உரிமை உண்டா?

“உனக்காகத்தானே இவ்வளவு பாடுபட்டோம்” என்கிறோம். அது உண்மைதான். ஆயினும் பாடத்தெரிவு நடக்கும் நேரத்தில் அதைச் சொன்னால், அன்பு கடனாக மாறிவிடுகிறது. அந்தக் கடனைத் தீர்க்கவே பிள்ளை உயிரியல் வகுப்பில் போய் இருக்கிறான். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம். முதல் தடவை இசட் புள்ளி போதாது. இரண்டாந் தடவையும் போதாது. மூன்றாந் தடவை அவன் எழுதப் போவது பரீட்சைக்கன்று, வீட்டாரின் முகத்துக்காக. தவறிய பிள்ளை, “எனக்கு இரசாயனவியல் வரவில்லை” என்று நினைப்பதில்லை. “அம்மாவுக்குத் துரோகம் செய்துவிட்டேன்” என்று நினைக்கிறான். இந்தச் சுமையை அவன் தலையில் ஏற்றியது யார்?

திருமண வேளையில் குருவானவர் மணமக்களிடம், சுய விருப்புடன் வந்தீர்களா என்று கேட்பதை நாம் அறிவோம். வாழ்க்கை நிலையைத் தெரிந்துகொள்வதில் எவரையும் வற்புறுத்தலாகாது என்று 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் கூறுகிறது. அச்சட்டம் பாடத்தெரிவைப் பற்றியதன்று. ஆனால் மணவறைக்கும் குருமடத்துக்கும் வற்புறுத்திப் பிள்ளையை அனுப்பலாகாது என்று ஏற்றுக்கொள்ளும் நாம், மருத்துவ பீடத்துக்கு மட்டும் அனுப்பலாம் என்பது எந்த நியாயம்?

“பதினாறு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?” என்பீர்கள். தெரியாதுதான். தெரியப்படுத்துவதே உங்கள் கடமை. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்படுகின்றன என்பதைச் சொல்லுங்கள். 2013 இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவு என்று ஒன்று உண்டு என்பதையும் சொல்லுங்கள். வீட்டு வருமானம் எவ்வளவு, எத்தனை ரியூட்டரிக்குக் காசு கட்ட முடியும் என்பதையும் மறைக்காதீர்கள். உண்மையைச் சொல்வது வேறு, நெருக்குவது வேறு.

தம்பி, தங்கைச்சி, இனி உங்களோடு ஒரு வார்த்தை. தெரிவு உங்களுடையது என்றால் அதற்குரிய காரணமும் உங்களுடையதாக இருக்க வேண்டும். சிநேகிதி எடுத்தாள் என்பதும், இந்தப் பாடம் இலேசு என்பதும் காரணங்களல்ல. பிறர் தீர்மானத்துக்கோ சோம்பலுக்கோ அடிபணிதல். இணைந்த கணிதத்தை விட்டால் பொறியியற் பீடம் இல்லை. உயிரியலை விட்டால் மருத்துவ பீடம் இல்லை. சட்டத்துறைக்கோ எப்பிரிவினரும் விண்ணப்பிக்கலாம். எந்தக் கதவை மூடுகிறோம் என்று அறிந்து மூடுங்கள். அந்தப் பிரிவில் ஓராண்டு முடித்த அண்ணா, அக்காவிடம் கொப்பியை இரவல் வாங்கி, எவரும் சொல்லாமலே ஒரு கிழமை படித்துப் பாருங்கள். விளங்காத இடத்தில் அலுப்பு வருகிறதா, இன்னும் தோண்டிப் பார்க்கும் ஆவல் வருகிறதா என்பது அப்போது தெரியும். பெறுபேற்றுத் தாளில் உள்ள ‘ஏ’ அதைச் சொல்லாது.

இவ்வளவும் செய்த பின்னரும் வீட்டில் கருத்து ஒருமிக்காவிட்டால், பாடம் படிப்பித்த ஆசிரியர் ஒருவரை நடுவில் வைத்துப் பேசுங்கள். உறவினர் கூட்டத்தைக் கூட்டாதீர்கள். வகுப்புத் தொடங்கிய பின் பிள்ளை தடுமாறுவதைக் கண்டால், முதற் சில வாரங்களுக்குள்ளேயே அதிபரிடம் போய்ப் பாடம் மாற்றக் கேளுங்கள். ஒரு தவணை கடந்துவிட்டால், புதிய பிரிவில் தவறவிட்ட பாடங்களைப் பிடிப்பது பெரும் பாடாகிவிடும்.