கருதலளவையும் காணாக் கோளும்

புகையைக் கண்டு நெருப்பு உண்டெனத் துணிதல் கருதலளவை எனப்படும். மடைப்பள்ளியும் மலையும் காட்டி மாணாக்கர்க்கு உணர்த்தப்படும் இவ்வளவை, கதிரவனைச் சூழ்ந்தோடும் கோள்களின் ஆராய்ச்சியில் ஒருமுறை பெருவெற்றியும் மற்றொருமுறை பெருந்தோல்வியும் எய்திற்று. ஈரிடத்தும் கருதினவர் ஒருவரே.

1781-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கண்ட யுரேனஸ் என்னுங் கோள், நியூட்டன் வகுத்த ஈர்ப்பு விதியாற் கணித்த நெறியினின்றும் சிறிது பிறழ்ந்து சென்றது. அத்துணைத் தொலைவில் விதியே பொருந்தாதுபோலும் என ஐயுற்றாரும் உளர். பிரான்சு நாட்டு லெவெரியரோ, காணப்படாத வேறொரு கோள் அதனை ஈர்ப்பதாகக் கருதி, அதன் இடத்தையுங் கணித்துப் பெர்லின் நகரத்து வானாய்வு நிலையத்திற்கு எழுதினார். 1846 செப்டம்பர் 23 இரவு கால்லே என்பார் தொலைநோக்கியைத் திருப்பியவழி, குறித்த இடத்திற்கு ஒரு பாகைக்குள்ளாகவே நெப்டியூன் நின்றது. (இங்கிலாந்தில் ஆடம்ஸ் என்பாரும் அக்கணக்கைச் செய்தனர்; முந்தினவர் யாவர் என்னும் வழக்கு ஈண்டு வேண்டா.)

புதனிடத்தும் பிறழ்ச்சி உண்டு. அது கதிரவனை மிக அணுகும் இடம், கணக்கினும் மிகையாக நூற்றாண்டிற்கு ஏறக்குறைய 43 விகலை பெயர்கின்றது. 1859-இல் லெவெரியர் முன்போலவே, புதனுக்கு உள்ளே வேறு பொருள் உண்டெனக் கருதினார். வல்கன் எனப் பெயரும் இடப்பட்டது. கோள் மட்டும் அகப்பட்டிலது. 1915-இல் ஐன்ஸ்டீன் தம் சார்பியற் கொள்கையால் அப்பிறழ்ச்சியை விளக்கினார். இம்முறை திருத்தம் வேண்டிற்று விதியே.

அற்றேல், பிறழ்ச்சி என்னும் ஏது, காணாக் கோள் உள்வழியும் இல்வழியும் செல்லுதலின் அனைகாந்திகமாம். நெப்டியூனைக் கருதியதும் குருடன் எறிந்த கல் இலக்கிற் பட்டது போலும் எனின், அன்று. யுரேனஸின் பிறழ்ச்சி ஆண்டுதோறும் வேறுபட்டு ஏறியும் இறங்கியும் வந்தமையின், ஈர்ப்பது எத்திசையில் உளதென்பதை அதுவே காட்டிற்று. புதனின் மிகையோ ஒரே அளவு. அதனைக்கொண்டு ஒரு பொருளின் இடத்தை வரையறுத்தல் இயலாது. பெயரால் ஒன்றாயினும் ஏது இரண்டே.

இனி, பிழைபடக் கருதியது லெவெரியருக்குக் குற்றமாமோ எனின், ஆகாது. அன்றிருந்த அறிவிற்கு அது தக்கதே. 1877 மார்ச்சில் வல்கன் கதிரவன்மேற் கடக்கலாம் என அவர் குறித்த நாளிலும் ஒன்றுங் காணப்படவில்லை. அப்பொழுதும் அவர் கொண்டது விடாது, அவ்வாண்டு செப்டம்பர் 23-இல், நெப்டியூன் கண்ட அதே நாளில், காலமானார். முன்பெற்ற வெற்றியே பின்னைய ஐயத்தை அடைத்தது போலும்.

வியப்பு வேறொன்றும் உண்டு. 1878-ஆம் ஆண்டு ஞாயிற்று மறைப்பின்போது, பயின்ற வானநூலாராகிய வாட்சன் என்பார் வல்கனைக் கண்ணாரக் கண்டதாகவே உரைத்தனர்.