ஏற்றத்தின் கணக்கு

திண்டுக்கல் சமவெளியில் மார்கழிக் குளிர் ஒரு துண்டுக்குள் அடங்கிவிடும். மலையில் அடங்காது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். கொடைக்கானலோ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

வாகனச் சாலை வராத காலத்தில் அந்த உயரத்தைக் கால்கள்தாம் அளந்தன. வெள்ளகவி போன்ற மலைக்கிராமத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டுச் சரிவில் சுமையோடு ஏறி இறங்கியவர்கள். மலையில் பழகிய கால்களுக்கு அவசரமும் தெரியாது, அடிக்கடி நிற்கவும் தெரியாது.

வேகமாக ஏறுபவனுக்கு வியர்க்கும். வியர்த்தவன் மூச்சு வாங்க உட்காருவான். உட்கார்ந்தவனை ஈரச் சட்டையோடு குளிர் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிற நடைதான் சரியான நடை. அதில் உடம்புச் சூடும் தங்கும், இறங்குவதற்குப் பலமும் மிஞ்சும்.

வாழ்க்கையின் ஏற்றங்களுக்கும் இதே கணக்குதான். கடனை அடைப்பது, விட்ட படிப்பைத் தொடர்வது, நோயிலிருந்து எழுந்து நடப்பது எதுவும் ஒரே மூச்சில் முடிகிற காரியம் அல்ல. முதல் நாள் வேகம் ஊர் பார்ப்பதற்கு; கடைசி நாள்வரை தாங்குகிற வேகமே ஊர் போய்ச் சேர்வதற்கு.

மலை எவ்வளவு செங்குத்து என்பதை நாம் முடிவு செய்வதில்லை. நாம் எவ்வளவு அகலமாக அடி வைக்க வேண்டும் என்பதை மலை முடிவு செய்வதில்லை.